உடனொளிர் சாயங்களும் ஒளியும்: மாணவர் ஆய்வில் கணினி மாதிரிகள்

உடனொளிர் சாயம் என்பது ஒரு நிற ஒளியை உட்கவர்ந்து, சில நானோவினாடிகளுக்குள் அதை வேறொரு நிற ஒளியாக உமிழும் சேர்மம் ஆகும். பாடப்புத்தகத்தில் வரிகளின் மேல் தீட்டும் மஞ்சள் ஹைலைட்டர் மை, புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சிடும் ரூபாய்த் தாளின் எண்கள், சலவைத்தூளில் கலக்கப்படும் வெண்மையூட்டி, விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கக் கை நரம்பில் செலுத்தப்படும் ஃபுளோரசீன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரு சாயம் எந்த நிறத்தை உட்கவரும், எந்த நிறத்தில் ஒளிரும், எவ்வளவு பிரகாசமாக ஒளிரும் என்பதை மூலக்கூறின் அமைப்பைக் கொண்டே கணக்கிட்டுச் சொல்ல முயல்வது இத்துறையில் கணினி மாதிரியமைத்தல் எனப்படுகிறது. வேதியியல், இயற்பியல் மாணவர்கள் தங்கள் திட்டப்பணிக்கு இதை விரும்பி எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. விலையுயர்ந்த கருவியோ நச்சுக் கரைப்பானோ தேவையில்லை; ஒரு மடிக்கணினியும் கட்டணமில்லாத மென்பொருளும் இருந்தால் தொடங்கிவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணினி எப்படியும் ஓர் எண்ணைத் தந்துவிடும். தவறான மூலக்கூறை வரைந்து கொடுத்தாலும் அதே மூன்று தசம இடத் துல்லியத்துடன் விடை தரும். அந்த எண்ணை எப்போது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கற்பதில்தான் திட்டப்பணியின் பெரும்பகுதி நேரம் செலவாகும். இக்கட்டுரையும் அதையே பெரிதும் பேசுகிறது.

ஒளி பட்டதும் நடப்பது

குயினைன் கரைசலின் மேற்பரப்பில் தோன்றும் நீல மினுக்கத்தை ஜான் ஹெர்ஷல் 1845 இல் பதிவு செய்தார். உட்கவரப்பட்ட ஒளியைவிட உமிழப்படும் ஒளியின் அலைநீளம் கூடுதலாக இருக்கும் என்பதை 1852 இல் விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து 'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. இரு அலைநீளங்களுக்கும் இடையிலான வேறுபாடு இன்றும் ஸ்டோக்ஸ் பெயர்ச்சி என்றே அழைக்கப்படுகிறது.

ஒளித்துகள் ஒன்று மூலக்கூறில் பட்டதும், ஓர் எலக்ட்ரான் அடிநிலையிலிருந்து கிளர்வு நிலைக்குத் தாவுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஃபெம்டோவினாடி அளவிலானது. அதற்குள் கனமான அணுக்கருக்களால் நகர முடியாது. அடுத்த சில பிக்கோவினாடிகளில் அணுக்கருக்கள் புதிய எலக்ட்ரான் அமைப்புக்கு ஏற்ப இடம் மாறி, மிகுதியான ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகின்றன. அதன் பிறகே, பெரும்பாலும் ஒரு முதல் பத்து நானோவினாடிகள் கழித்து, மூலக்கூறு ஒளியை உமிழ்ந்து அடிநிலைக்குத் திரும்புகிறது. இடையில் வெப்பமாகப் போன ஆற்றலே அலைநீளம் கூடுவதற்குக் காரணம். இந்தப் படிகளை ஏணி போன்ற வரைபடமாகக் காட்டும் முறை போலந்து இயற்பியலர் அலெக்சாண்டர் யாப்லோன்ஸ்கியின் பெயரால் அறியப்படுகிறது.

பொருளிலிருந்து வரும் மங்கலான ஒளியெல்லாம் உடனொளிர்வு ஆகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1923 இல் கல்கத்தாவில் சி. வி. ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், தூய்மையாக்கிய நீர்மங்களிலிருந்து வந்த மிக மங்கிய நிறம் மாறிய ஒளியைக் கண்டார். மாசினால் விளையும் 'வலுவற்ற உடனொளிர்வு' என்றே முதலில் அது கருதப்பட்டது. எத்தனை முறை தூய்மையாக்கினாலும் அது மறையவில்லை. 1928 இல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் அதைப் புதியதொரு சிதறலாக நிறுவினார்கள். இன்று ராமன் நிறமாலை எடுப்பவர்கள் தங்கள் சமிக்ஞையை மூழ்கடிக்கும் உடனொளிர்வோடு தினமும் போராடுகிறார்கள் என்பது இதன் மறுபக்கம்.

பெட்டிக்குள் எலக்ட்ரான்

மாணவர் ஆய்வுக்கு மிகச் சிறந்த தொடக்கம் எந்த மென்பொருளும் இல்லாமல் ஒரு தாளிலேயே போடக்கூடிய கணக்குதான். 1940களின் இறுதியில் ஹான்ஸ் கூன் என்ற வேதியியலர், சயனின் வகைச் சாயங்களின் நிறத்தை 'பெட்டிக்குள் அடைபட்ட துகள்' என்ற எளிய குவாண்டம் மாதிரியால் விளக்கினார். சயனின் சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரு முனையிலும், அவற்றுக்கிடையே ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் அணுக்கள் சங்கிலியாகவும் இருக்கும. அச்சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி எழுதப்பட்டாலும், உண்மையில் எல்லாப் பிணைப்புகளும் ஏறக்குறைய ஒரே நீளம் கொண்டவை. எனவே பை எலக்ட்ரான்கள் சங்கிலி முழுதும் தடையின்றி ஓடுவதாகக் கொள்ளலாம். குழாயின் நீளம் கூடினால் சுருதி இறங்குவதைப் போல, சங்கிலி நீண்டால் ஆற்றல் இடைவெளி குறைந்து, உட்கவரும் அலைநீளம் சிவப்பை நோக்கி நகரும்.

பிணைப்பு நீளத்தை 0.139 நானோமீட்டர் என்று கொண்டு, பெட்டியின் இரு முனைகளிலும் ஒரு பிணைப்பு நீளத்தைக் கூட்டினால் கிடைக்கும் சூத்திரம் இது:

அலைநீளம் (நானோமீட்டரில்) = 63.7 × (கார்பன் எண்ணிக்கை + 3 + திருத்தம்)² ÷ (கார்பன் எண்ணிக்கை + 4)

இதில் 'திருத்தம்' என்பது முனைகளில் உள்ள வளையங்களுக்குள்ளும் எலக்ட்ரான் சற்றுப் பரவுவதைக் கணக்கில் கொள்ளும் ஓர் எண். இரு முனையிலும் குயினோலின் வளையம் கொண்ட மூன்று சயனின் சாயங்களை எடுத்துக்கொள்வோம். நைட்ரஜன்களுக்கு இடையே முறையே 3, 5, 7 கார்பன்கள் உள்ளன. ஆய்வகத்தில் அளந்த உட்கவர் அலைநீளங்கள் சுமார் 525, 605, 707 நானோமீட்டர்.

திருத்தம் இல்லாமல் கணக்கிட்டால் 328, 453, 579 என்று வருகிறது. மூன்றுமே வெகுதூரம் விலகியவை. திருத்தத்தை 1 என்று வைத்தால் 446, 573, 701 கிடைக்கிறது. கடைசி எண்ணைப் பார்த்ததும் மாணவர் மகிழ்ந்து, மாதிரி வெற்றி பெற்றது என்று எழுதிவிடக்கூடும். ஆனால் முதல் எண் 79 நானோமீட்டர் தள்ளி நிற்கிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: கணக்கின்படி இரண்டு கார்பன் கூடும்போதெல்லாம் அலைநீளம் ஏறக்குறைய 127 கூடுகிறது, சோதனையிலோ முதலில் 80, பிறகு 102 தான் கூடுகிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஒவ்வொரு சாயத்துக்கும் சோதனை மதிப்பைச் சரியாகத் தருவதற்குத் திருத்தம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்பது. பின்னோக்கிக் கணக்கிட்டால் 1.60, 1.25, 1.05 என்று வருகிறது. அது நிலையான எண்ணாக இல்லாமல் சங்கிலி நீள நீளக் குறைந்துகொண்டே போகிறது. குறுகிய சங்கிலியில் வளையங்களின் பங்கு விகிதத்தில் பெரிது. அதை ஒற்றை எண்ணுக்குள் அடக்க முடியவில்லை. மாதிரி எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன. 701-க்கும் 707-க்கும் உள்ள நெருக்கத்தை மட்டும் அட்டவணையில் போட்டு முடிக்கும் அறிக்கையைவிட, இந்த இறங்குமுகத்தைக் காட்டும் அறிக்கை பல மடங்கு மதிப்புள்ளது.

இதே மாதிரியைக் கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினுக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 22 பை எலக்ட்ரான்கள், 21 பிணைப்புகள், பிணைப்புக்கு 0.140 நானோமீட்டர் என்று வைத்தால், முதல் உட்கவர்தல் சுமார் 1240 நானோமீட்டரில் வர வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. உண்மையில் அது 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை உட்கவர்வதால்தான் கேரட் செம்மஞ்சளாகத் தெரிகிறது. கரோட்டினில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் உண்மையிலேயே நீளத்தில் வேறுபடுகின்றன. எலக்ட்ரானின் ஓட்டத்துக்கு அங்கே மேடுபள்ளம் உண்டு. சயனினுக்குப் பொருந்திய எடுகோள் இங்கே பொருந்தாது.

பெரிய கணக்கு

பெட்டி மாதிரியைத் தாண்டிச் செல்லும்போது, இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், மொத்த எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே ஆற்றலைக் கணக்கிடும் வழி இது. 1964, 1965 ஆண்டுகளில் வால்டர் கோன், பியர் ஹோகென்பெர்க், லு ஜியூ ஷாம் ஆகியோர் இதன் அடித்தளத்தை இட்டனர். கோனுக்கு 1998 இல் வேதியியல் நோபல் பரிசு ஜான் போப்பிளுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஆனால் அக்கோட்பாடு அடிநிலைக்கானது. ஒளி பட்டுக் கிளர்வு நிலைக்குப் போவதைக் கணக்கிட, ரூங்கேயும் குரோஸும் 1984 இல் நிறுவிய காலம் சார்ந்த வடிவம் தேவைப்படுகிறது. கட்டணமின்றிக் கல்விப் பணிக்குக் கிடைக்கும் ஆர்க்கா, திறந்த மூல மென்பொருளான சை4, பைத்தான் மொழியில் இயங்கும் பைஎஸ்சிஎஃப் போன்றவற்றில் இக்கணக்கைச் செய்யலாம்.

செய்முறை சுருக்கமாக இப்படி அமையும். மூலக்கூறை அவகாட்ரோ போன்ற வரைபட மென்பொருளில் வரைந்து, அடிநிலையில் அதன் மிகக் குறைந்த ஆற்றல் வடிவத்தைக் கண்டறிய வேண்டும். அந்த வடிவத்தை அசைக்காமல் கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டால் உட்கவர்தலின் அலைநீளம் கிடைக்கும். அணுக்கருக்கள் நகர நேரமில்லை என்று மேலே சொன்னது இங்கே பயன்படுகிறது. உமிழ்தலுக்கு, கிளர்வு நிலையிலேயே வடிவத்தை மீண்டும் சீராக்கி, அங்கிருந்து கீழே இறங்கும் ஆற்றலைக் காண வேண்டும். இந்த இரண்டாவது படி பல மடங்கு நேரம் பிடிக்கும். அணுக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் வழக்கமான கணக்குகளுக்கு ஆகும் நேரம் எட்டு மடங்கோ அதற்கு மேலோ கூடும் என்பதால், ஐம்பது அணுக்களுக்குள் உள்ள சாயத்தைத் தேர்ந்துகொள்வது மாணவருக்கு நல்லது.

பிழை எவ்வளவு வரும்? மூலக்கூறைப் பொறுத்தது. மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சுமை தாவும் வகைச் சாயங்களில், பரவலாகப் பயன்படும் பி3எல்ஒய்பி என்ற சார்பியம் ஆற்றலைக் குறைத்துக் காட்டும், அலைநீளம் கூடிவிடும். இதைச் சரிசெய்ய கேம்-பி3எல்ஒய்பி போன்ற நெடுந்தொலைவுத் திருத்தம் கொண்ட சார்பியங்கள் உருவாயின. சயனினில் பிழை எதிர்த் திசையில் வருகிறது: பெரும்பாலான சார்பியங்கள் ஆற்றலைக் கூட்டிக் காட்டுகின்றன. தாளில் போட்ட எளிய கணக்கு சிறப்பாகப் பொருந்தும் அதே சயனின் குடும்பம், பெரிய கணக்கைத் திணறடிக்கிறது என்பது இத்துறையின் நெடுநாள் புதிர்களில் ஒன்று.

பிழையின் அளவை உணர ஒரு மாற்று வாய்பாடு போதும்: 1240-ஐ எலக்ட்ரான்வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டர் வரும். 2.3 எலக்ட்ரான்வோல்ட் என்பது 539 நானோமீட்டர், பச்சை. கணக்கு 0.3 கூட்டிக் காட்டினால் 2.6, அதாவது 477 நானோமீட்டர், நீலம். வேதியியலில் சிறிய பிழையாகத் தோன்றுவது கண்ணுக்கு வேறொரு நிறம். ஃபுளோரசீன் நீரில் ஏறத்தாழ 490 நானோமீட்டரில் உட்கவர்ந்து 514-இல் உமிழ்கிறது. இந்த இடைவெளி 0.12 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. அளக்க விரும்பும் பொருளைவிட அளவுகோலின் பிழை பெரிதாக இருக்கக்கூடும் என்பது தெளிவு. ஆகவே ஒரே முறையில் ஒரே குடும்பத்துச் சாயங்கள் பலவற்றைக் கணக்கிட்டு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒப்பிடுவதே பயனுள்ள வழி. பிழையின் பெரும்பகுதி எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருப்பதால் கழித்தலில் அது குறைந்துவிடும். ஒரு சாயத்தை மட்டும் கணக்கிட்டு, சோதனை மதிப்போடு பொருந்தும்வரை சார்பியத்தை மாற்றிக்கொண்டே போவது ஆய்வு ஆகாது.

எந்த மூலக்கூறை வரைந்தோம்?

முறையைப் பற்றிய கவலையைவிட முந்தியது இக்கேள்வி. ஃபுளோரசீனையே எடுத்துக்கொள்வோம். 1871 இல் அடால்ஃப் ஃபான் பாயர் இதைத் தயாரித்தார். 1877 இல் ஜெர்மனியில், டான்யூப் ஆற்று நீர் நிலத்துள் மறையும் இடத்தில் பத்துக் கிலோ கரைக்கப்பட்டபோது, சுமார் 60 மணி நேரத்தில் ஆஹ் ஊற்று பச்சையாக ஒளிர்ந்து, நிலத்தடித் தொடர்பை மெய்ப்பித்தது. 1961 இல் இதைக் கொண்டு விழித்திரை இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் முறையை வெளியிட்ட நொவாட்னி, ஆல்விஸ் இருவரும் அவ்வாய்வைச் செய்தபோது மருத்துவ மாணவர்களே.

இவ்வளவு அறிமுகமான சாயத்துக்கு ஒரே வடிவம் இருப்பதாக நினைப்பது இயல்பு. உண்மையில் கரைசலின் அமில காரத் தன்மைக்கேற்ப அது உருமாறுகிறது. காரக் கரைசலில் இரண்டு எதிர்மின் சுமைகள் கொண்ட அயனியாக இருந்து பளிச்சென ஒளிர்கிறது. அமிலத்தில் ஒளி வெகுவாக மங்குகிறது. நூல்களில் அடிக்கடி அச்சிடப்படும் லாக்டோன் வடிவத்தில் ஒரு வளையம் மூடிக்கொண்டு, பை எலக்ட்ரான்களின் தொடர் நடுவிலேயே அறுந்துவிடுகிறது; அது நிறமற்றது. அப்படத்தைப் பார்த்து வரைந்து கணக்கிட்டால், முதல் உட்கவர்தல் புற ஊதாவில் வரும். கணக்கு சரி, மூலக்கூறுதான் வேறு. குப்பியில் உள்ள கரைசலின் பி.எச். மதிப்பு, கரைப்பான், செறிவு ஆகியவற்றை முதலில் எழுதிக்கொண்டு, அந்நிலையில் எந்த வடிவம் மிகுதி என்று பார்த்த பிறகே சுட்டியைத் தொட வேண்டும்.

கரைப்பானையும் விட்டுவிட முடியாது. தனித்தனி நீர் மூலக்கூறுகளை வைப்பதற்குப் பதில், சாயத்தைச் சுற்றி மின்காப்பு ஊடகம் ஒன்று சூழ்ந்திருப்பதாகக் கொள்வது வழக்கம். ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக உள்ள இடங்களில் இது போதாது. அங்கே சில நீர் மூலக்கூறுகளையாவது கணக்கில் சேர்க்க வேண்டும். புரதத்துக்குள் பொதிந்த சாயம் என்றால், சாயத்தைக் குவாண்டம் முறையிலும் சுற்றுப்புறத்தை எளிய விசை விதிகளாலும் கணக்கிடும் இணைமுறை பயன்படுகிறது. இதற்கு வழிவகுத்த கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவரும் 2013 இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிரகாசம் ஏன் கடினம்

நிறத்தைக் கணக்கிடுவதைவிடப் பிரகாசத்தைக் கணக்கிடுவது மிகக் கடினம். உட்கவர்ந்த நூறு ஒளித்துகளில் எத்தனை மீண்டும் ஒளியாக வருகின்றன என்பதே குவாண்டம் ஈட்டம். ரோடமின் 6ஜி சாயத்துக்கு எத்தனாலில் இது ஏறத்தாழ 95 விழுக்காடு. ரோடமின் பி சூடானால் மங்குகிறது. அதன் முனையிலுள்ள டைஎத்தில் அமினோ தொகுதிகள் சுழன்று ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. அதே தொகுதிகளை வளையங்களால் பூட்டிய ரோடமின் 101 சூட்டில் அவ்வளவாக மங்குவதில்லை. ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தில் உள்ள நிறமித் தொகுதியை மட்டும் தனியே தயாரித்து நீரில் கரைத்தால் அது ஒளிர்வதே இல்லை. புரதத்தின் பீப்பாய் போன்ற கூடு அதை அசையவிடாமல் பிடித்திருப்பதால்தான் ஒளி. ஆக, பிரகாசம் என்பது ஒளிக்கும் மூலக்கூறின் அசைவுக்கும் இடையிலான போட்டி. அசைவின் வேகத்தை அடுக்குக்குறிச் சார்புகள் தீர்மானிப்பதால், ஆற்றலில் சிறு பிழை வேகத்தில் பல மடங்கு பிழையாகும். மாணவர் திட்டப்பணியில் குவாண்டம் ஈட்டத்தை எண்ணாகச் சொல்ல முயலாமல், 'இந்தத் தொகுதியைப் பூட்டினால் சுழற்சித் தடை எவ்வளவு உயர்கிறது' என்று கேட்பது அடையக்கூடிய இலக்கு.

ஒளித்துகளை உருட்டிவிடுதல்

குவாண்டம் கணக்கே இல்லாத மற்றொரு வழியும் உண்டு. கணினி நிரலில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதுவே ஏற்றது என்பேன். கண்ணாடி போன்ற தகட்டில் சாயத்தைக் கலந்து, மேலே விழும் வெயிலை உட்கவரச் செய்து, உமிழும் ஒளியைத் தகட்டின் ஓரங்களுக்குச் செலுத்தி, அங்கே ஒட்டிய சிறிய சூரிய மின்கலங்களில் சேர்ப்பது 'ஒளிர் சூரியக் குவிப்பான்' எனப்படும். 1970களில் முன்வைக்கப்பட்ட இக்கருத்தை மான்டி கார்லோ முறையில் எளிதில் மாதிரியாக்கலாம். அளந்த உட்கவர் நிறமாலை, உமிழ் நிறமாலை, குவாண்டம் ஈட்டம் மூன்றையும் உள்ளிட்டு, ஒவ்வொரு ஒளித்துகளும் எவ்வளவு தூரம் போய் உட்கவரப்படும், எந்தத் திசையில் மீண்டும் புறப்படும் என்பதைத் தற்செயல் எண்களால் தீர்மானித்து, அதன் பயணத்தை இறுதிவரை பின்தொடர வேண்டும்.

நிரல் சரியா என்று பார்க்க ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட தகட்டில் மாறுநிலைக் கோணம் 41.8 பாகை. எல்லாத் திசையிலும் சமமாக உமிழப்படும் ஒளியில் மேல், கீழ் முகங்கள் வழியே தப்பும் பங்கு 25.5 விழுக்காடு, 74.5 விழுக்காடு உள்ளேயே சிறைப்படும். பத்தாயிரம் ஒளித்துகளை ஓடவிட்டால் புள்ளியியல் பிழை 0.4 விழுக்காடு அளவில் இருக்கும். நிரல் 31 என்றோ 20 என்றோ காட்டினால், பெரும்பாலும் திசையைத் தேர்ந்த விதத்தில் தவறு இருக்கிறது. கோணத்தைச் சீராகத் தேர்வது வழக்கமான சறுக்கல். சீராகத் தேர வேண்டியது கோணத்தின் கொசைனை.

இம்மாதிரி வெளிக்கொணரும் முக்கிய உண்மை மறு உட்கவர்தல். உமிழும் ஒளியின் ஒரு பகுதி மற்றொரு சாய மூலக்கூறால் மீண்டும் உட்கவரப்படுகிறது. ஈட்டம் 95 விழுக்காடாக இருந்தாலும், ஒவ்வொரு உமிழ்தலிலும் 0.95 × 0.745, அதாவது சுமார் 71 விழுக்காடே உள்ளே மிஞ்சும். இரண்டு முறை உமிழப்பட்டால் 50, மூன்று முறையானால் 35 விழுக்காடு. நிறமாலைகள் குறைவாக ஒன்றின்மேல் ஒன்று விழும் சாயம், அதாவது ஸ்டோக்ஸ் பெயர்ச்சி பெரிதாக உள்ள சாயம், சற்று மங்கலாக இருந்தாலும் பெரிய தகட்டில் முந்திவிடும். எவ்வளவு பெரிய தகட்டில் இந்த முந்துதல் தொடங்குகிறது என்பதை, தகட்டின் நீளத்தைப் படிப்படியாக மாற்றி நிரலை ஓடவிட்டு ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியே விடை. உள்ளீடாகக் கொடுத்த ஈட்டத்தை இரண்டு மூன்று விழுக்காடு கூட்டியும் குறைத்தும் மீண்டும் ஓட்டி, அப்புள்ளி எவ்வளவு நகர்கிறது என்பதையும் அதே படத்திலேயே காட்டிவிட வேண்டும்.